கண்ணாடி துடைப்போரின் வரவு செலவு

ஆரணி இளைஞர் ஒருவர், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை அலுவலகங்களின் சன்னல் கண்ணாடிகளைத் துடைக்கும் பணியைச் சொந்தத் தொழிலாக ஏற்பதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 900 ரூபாய் வீதம் மாதம் 20 நாள் வேலை கிடைப்பின் வரவு 18,000. பெட்ரோல் 3,000, சோப்பு, துணி, ரப்பர்ப் பட்டை ஆகியவற்றிற்கு 1,000, ஏணித் தேய்மானம் 500 போக எஞ்சுவது 13,500. இதனை நம்பிக் கடன் வாங்குதல் தகாது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் முடிய வேலை பாதியாயின், பெட்ரோலும் சோப்பும் பாதியாகும். ஏணித் தேய்மானமோ குறையாது. அம்மாதங்களில் மிஞ்சுவது 6,500 தான். ஆண்டுச் சராசரியாகிய 11,750 ரூபாயே மெய்யான மாத வருமானம். கடன் குறித்து யோசனை கேட்டு வருவோர்க்குப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் இத்தொகையையே எடுத்துக்காட்டுமாறு வேண்டுகிறோம்.

ஏணி வேலையாதலின், ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்திப் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் சேர்தல் நன்று. விபத்தில் மரணம் நேரின் குடும்பத்திற்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். கால் முறிந்து வேலையின்றிப் படுத்திருக்கும் நாட்களுக்கு அதில் ஈடில்லை. அதற்கு வேண்டிய தொகையை இந்த 11,750 ரூபாயிலிருந்தே ஒதுக்க வேண்டும்.