குரோம்பேட்டையில் ஏறும் விஜயாலயன்

தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலில் காலையில் போட்டித் தேர்வுப் புத்தகமும் கையுமாக நிற்பவர்களைப் பார்க்கலாம். கோடு போட்டு வைத்த வரியையே திரும்பத் திரும்பப் படிப்பார்கள். பாவம், அந்த உழைப்புக்குப் பலன் குறைவு. ஆனால் வழியிலுள்ள நிலையங்களைக் கேட்டால் வரிசை பிசகாமல் சொல்வார்கள். அதை யாரும் உட்கார்ந்து மனப்பாடம் செய்ததில்லை.

மூளையின் இரு பக்கத்திலும், காதுக்கு உட்புறமாக, ஹிப்போகேம்பஸ் என்ற வளைந்த பகுதி இருக்கிறது. வழிகளை அறிந்துகொள்ளவும் நடந்ததை நினைவாக்கவும் இதுவே முக்கியம். 1953-இல் அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்பவருக்கு வலிப்பைக் குறைப்பதற்காக இதில் பெரும்பகுதியை வெட்டியெடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. பழைய நினைவுகளும் பெரும்பாலும் தப்பின. ஆனால் புதிதாக நடந்தது எதுவும் மனதில் தங்கவில்லை. 2008-இல் இறக்கும்வரை அப்படித்தான். பல்லாண்டு தன்னோடு பழகிய ஆய்வாளரைக்கூட அவருக்கு அடையாளம் தெரியாது.

நினைவு பதியும்போது நியூரான்களுக்கு இடையிலான இணைப்புகள் வலுப்படுகின்றன. வேகமாகத் தூண்டிய இணைப்பு மணிக்கணக்கில் வலுவாகவே இருப்பதை பிளிஸ், லோமோ இருவரும் முயல் மூளையில் கண்டு 1973-இல் வெளியிட்டார்கள்.

தெரிந்த வழியில் தெரியாததை நிறுத்திவைப்பது கிரேக்க, ரோமானியப் பேச்சாளர்களின் பழைய உத்தி. சோழர் வரிசை வேண்டுமா? குரோம்பேட்டையில், ஊருக்குப் பெயர் தந்த தோல் தொழிற்சாலைக் கவசத்தை மாட்டிக்கொண்டு, மேனியெல்லாம் விழுப்புண்ணோடு விஜயாலயன் ஏறுகிறான். பல்லாவரத்தில் ஆதித்தன், யானை மேலிருக்கும் பல்லவன்மீது பாய்கிறான். திரிசூலத்தில் பராந்தகன், தில்லைக்குப் பொன் வேய்ந்தது போதாதென்று சூலத்துக்கும் தகடு அடிக்கிறான். கண்டராதித்தனை மீனம்பாக்கத்தில் நீங்களே நிறுத்துங்கள். கோமாளித்தனமாக இருந்தால் நல்லது, மறக்காது.

இது வெறும் வித்தையில்லை. 2017-இல் வெளியான டிரெஸ்லர் குழுவின் ஆய்வில், 72 சொற்களில் முப்பதுக்குள் நினைவுகூர்ந்தவர்கள், தினம் அரை மணி நேரம் வீதம் 40 நாள் இப்படிப் பழகியபின் சராசரியாக 62 சொன்னார்கள்.

நிறுத்திவைத்தால் மட்டும் போதாது, திரும்ப எடுத்தும் பார்க்க வேண்டும். மறுபடி படிப்பதைவிட, மூடிவைத்துச் சொல்லிப் பார்ப்பதே நினைவை நாள்பட வைத்திருக்கும். இன்றைக்கு ஒருமுறை, நாளை ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை. விட்டுப்போனதை மட்டும் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். தேர்வுக்கு முந்தின இரவு கண்விழிப்பது மட்டும் வேண்டாம். பகலில் பதிந்ததை மூளை உறுதிப்படுத்துவது பெரிதும் தூக்கத்தில்தான்.