உலக வங்கி மேலேயே புகார் கொடுக்க முடியுமா?

கேளம்பாக்கத்துல இருந்து கோவளம் போய், ஈசிஆரில் தெற்கே திரும்பினால் கடல்நீரைக் குடிநீராக்கும் நெம்மேலி நிலையம் வரும். 2024-ல் அங்கே திறந்த இரண்டாவது ஆலைக்கு ஜெர்மனி அரசின் கே.எஃப்.டபிள்யூ. வங்கி நிதி தந்தது. பக்கத்தில் பேரூரில் கட்டும் ஆலைக்கு ஜப்பானின் ஜைக்கா கடன் தருகிறது. இப்படி ஒரு திட்டத்தால் பாதிப்பு வந்தால் மீனவர்கள் என்ன செய்வாங்க? கலெக்டரிடம் மனு கொடுப்பாங்க, மறியல் பண்ணுவாங்க. கடன் கொடுத்தவரையும் கேள்வி கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

இந்த உரிமை உருவானதில் நம்ம நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1985-ல் நர்மதையின் சர்தார் சரோவர் அணைக்கு உலக வங்கி 45 கோடி டாலர் கடன் ஒதுக்கியது. மக்கள் போராட்டம் வலுத்ததால், 1991-ல் பிராட்ஃபோர்ட் மோர்ஸ் தலைமையில் தனி ஆய்வுக்குழு போட்டார்கள். மறுகுடியமர்த்தலில் வங்கி தன் சொந்த விதிகளையே மீறியிருக்கு என்று 1992-ல் அந்தக் குழு சொன்னது. 1993 மார்ச்சில் மீதிக் கடனே வேண்டாம் என்று இந்திய அரசு சொல்லிவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் இன்ஸ்பெக்‌ஷன் பேனல் என்ற நிரந்தரக் குழுவை வங்கி அமைத்தது.

நடைமுறை எளிமையானதுதான். பாதிக்கப்பட்டவர்கள் குறைந்தது இரண்டு பேர் சேர்ந்து கடிதம் எழுதினால் போதும். தாய்மொழியில் எழுதலாம், பெயரை ரகசியமாக வைக்கச் சொல்லலாம். ஆனால் முதலில் வங்கி அதிகாரிகளிடம் முறையிட்டிருக்க வேண்டும். புகாரைப் பதிவு செய்ததும் நிர்வாகம் 21 வேலை நாளில் பதில் தரணும். குழு விசாரித்து வங்கியின் இயக்குநர்களுக்கு அறிக்கை கொடுக்கும். அவ்வளவுதான்! வேலையை நிறுத்தவோ இழப்பீடு தரச் சொல்லவோ அதற்கு அதிகாரம் கிடையாது.

இந்தக் குறை எவ்வளவு பெரியது என்பதை குஜராத்தின் முந்த்ரா காட்டியது. அங்கே டாடா அனல்மின் நிலையத்துக்கு, தனியார் கம்பெனிகளுக்குக் கடன் தரும் உலக வங்கிக் குழுமத்தின் ஐ.எஃப்.சி., 2008-ல் 45 கோடி டாலர் கொடுத்தது. மீனவர்கள் 2011-ல் ஐ.எஃப்.சி.யின் குறைதீர் அலுவலகத்துக்குப் போனார்கள். ஐ.எஃப்.சி. சரியாகக் கவனிக்கவில்லை என்று அந்த அலுவலகமே 2013-ல் சொன்னது. அதிலுள்ள பலவற்றை ஐ.எஃப்.சி. ஏற்கவில்லை.

மீனவர்கள் விடவில்லை. 2015-ல் வாஷிங்டன் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். சர்வதேச அமைப்புகளுக்கு முழுமையான சட்டப் பாதுகாப்பு இல்லை என்று 2019-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-1 என்று தீர்ப்பளித்தது. வரலாறு படைத்த தீர்ப்பு! ஆனாலும் பாதிப்புக்கான செயல்பாடு நடந்தது இந்தியாவில்தான் என்று சொல்லி கீழ்க் கோர்ட்டுகள் தள்ளுபடி செய்தன. 2022-ல் வழக்கு முடிந்தது.

அப்போ புகார் எதுக்கு? "எங்களுக்குத் தெரியாது" என்று பிறகு யாரும் சொல்ல முடியாதபடி எழுத்தில் பதிவாகும். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேசுவது மினிட்ஸோடு போய்விடலாம். புகாருக்கு வங்கி பதில் சொல்லியாகணும்.

அதனால் உங்க ஊருக்கு ஒரு பெரிய திட்டம் வந்தால், முதலில் கடன் யாருடையது என்று பாருங்க. உலக வங்கி, ஏ.டி.பி., ஜைக்கா, கே.எஃப்.டபிள்யூ. எல்லாவற்றுக்கும் புகார் வழி இருக்கு, விதிகள்தான் வேறு வேறு. கடன் முழுசும் கைமாறுவதற்கு முன்னாடி கேட்கும் கேள்விக்குத்தான் பலம் அதிகம்.