ஒரு ஏக்கர் மலைவேம்பு: கன்னு விலை இல்லங்க, தண்ணிக் கணக்கு முக்கியம்!

சென்னையில ஐடி வேலை பார்க்கற என் ஸ்கூல் ஃப்ரெண்ட் போன வாரம் கேட்டான்: "விருத்தாசலம் பக்கத்துல என் பேர்ல ஒரு ஏக்கர் சும்மா கிடக்குடா. மலைவேம்பு வச்சா ஆறு, ஏழு வருஷத்துல வெட்டலாம், டாக்ஸும் கிடையாதாமே?"

பாதிதான் சரி.

1. செலவு எங்க இருக்கு?

10க்கு 10 அடி இடைவெளின்னா ஏக்கருக்குச் சுமார் 435 கன்னு. ஒரு கன்னு ₹20ன்னு வச்சா ₹8,700. நிறைய பேர் கணக்கை இதோட முடிச்சிடறாங்க.

முதல் கோடையைப் பாருங்க. பிப்ரவரி முதல் ஜூன் வரை 20 வாரம். வாரம் ரெண்டு தடவை, கன்னுக்கு 10 லிட்டர். ஒவ்வொரு தடவையும் 4,350 லிட்டர், அதாவது ஒரு 5,000 லிட்டர் டேங்கர். மொத்தம் 40 டேங்கர். ஒன்னு ₹800ன்னா ₹32,000! (உங்க ஊர் ரேட்டைப் போட்டுப் பாருங்க.)

எஸ்.ஐ.பி.ல ஒரு மாசம் விட்டாலும் போட்ட பணம் அப்படியே இருக்கும். மே மாசம் ரெண்டு வாரம் தண்ணி விட்டீங்கன்னா, கன்னு காஞ்சு போயிடும்.

2. எப்படிக் குறைக்கலாம்?

- நம்ம பக்கம் பெரிய மழை வடகிழக்குப் பருவமழைதான். செப்டம்பர் கடைசியில குழி ரெடி பண்ணி, அக்டோபர்ல நடுங்க. கோடைக்குள்ள வேர் இறங்கிடும்.
- கன்னைச் சுத்திப் பாத்தி கட்டி, காஞ்ச இலை, வைக்கோல் மூடாக்கு போடுங்க.
- போர் இருந்தா சொட்டு நீர் போடுங்க. தமிழ்நாட்டுல சிறு, குறு விவசாயிகளுக்கு 100%, மத்தவங்களுக்கு 75% மானியம் இருக்கு.

3. டாக்ஸ்?

தானா முளைச்ச மரத்தை வெட்டி வித்தா அது விவசாய வருமானம் இல்ல. உழுது, நட்டு, வளர்த்திருக்கணும்னு 1957லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அதனால கன்னு பில், கூலி, டேங்கர் ரசீது எல்லாத்தையும் பத்திரமா வைங்க. அதுதான் உங்க ஆதாரம்.

அடுத்தது, விவசாய வருமானத்துக்கு நேரடி வரி இல்லன்னாலும் சம்பளத்தோட ஸ்லாபை அது மேல தள்ளும். 2025-26 புது ரெஜிம்ல, கழிவெல்லாம் போக சம்பளம் ₹14 லட்சம்னா வரி ₹90,000. அதே வருஷம் மரம் வித்து ₹3 லட்சம் லாபம் வந்தா வரி ₹1,25,000. (செஸ் தனி.) ₹35,000 கூடுது பாருங்க! விவசாய வருமானம் ₹5,000 தாண்டினா ஐ.டி.ஆர்-1 போட முடியாது, அதையும் ஞாபகம் வைங்க.

என் முடிவு

ஃப்ரெண்ட்கிட்ட ஒரே கேள்விதான் கேட்டேன்: "மே மாசம் யாருடா தண்ணி ஊத்துவா?" பதில் இல்ல. ஆளும் தண்ணியும் உறுதியாகற வரைக்கும் அந்த ₹40,000 ஆர்.டி.லயே இருக்கட்டும்னு சொல்லிட்டேன். ரெண்டும் இருந்தா, இந்த அக்டோபர்லயே தாராளமா நடுங்க.