முதுகைத் தாங்குவது எது?

இடுப்பு பிடித்துக்கொண்டால் நம் ஊரில் முதலில் எழும் பேச்சு, "ஜவ்வு விலகியிருக்கும்" என்பதுதான். ஸ்கேன் எடுத்ததும் அது "டிஸ்க் நழுவிடுச்சு" என்று மாறும். அன்றிலிருந்து வலி வந்தவர் குனியப் பயப்படுவார், தண்ணீர்க் குடத்தைத் தொட மாட்டார், பாதி நாள் படுத்தே கிடப்பார். முதுகெலும்பைச் செங்கல் தூணாக நினைப்பதால் வரும் பயம் இது. ஒரு கல் நகர்ந்தால் தூண் சரிந்துவிடும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் முதுகு அப்படிக் கட்டப்பட்டதே இல்லை.

முதலில், டிஸ்க் நழுவுவதில்லை. கழுத்தில் 7, மார்புக்குப் பின்னால் 12, இடுப்பில் 5 என்று தனித்தனியே அசையும் முள்ளெலும்புகள் 24. இடையிடையே உள்ள 23 டிஸ்க்குகளில் ஒவ்வொன்றும் மேலெலும்போடும் கீழெலும்போடும் இறுக ஒட்டியிருக்கிறது. நடுவில் நுங்குபோல நீர் நிறைந்த கூழ். சுற்றிலும் நார் அடுக்குகள். ஓர் அடுக்கின் நார் வலப்பக்கம் சாய்ந்தால் அடுத்ததின் நார் இடப்பக்கம் சாயும். எந்தப் பக்கம் திரும்பினாலும் இழுத்துப் பிடிக்க நார் உண்டு. இந்த வளையம் தளர்ந்து புடைக்கலாம், கிழிந்து கூழ் பிதுங்கலாம். பிதுங்கியது பலருக்குச் சில மாதங்களில் தானாகவே சுருங்கியும் விடுகிறது. டிஸ்க்கின் உட்பகுதியில் ரத்தக் குழாய் கிடையாது. பக்கத்து எலும்பிலிருந்து கசிந்து வருவதுதான் அதற்கு உணவு. பகலெல்லாம் உடல் பாரத்தில் நீர் வெளியேறும், இரவில் படுத்ததும் திரும்ப ஊறும். காலையில் நாம் மாலையைவிடச் சற்று உயரமாக இருப்பது இதனால்தான்.

சரி, இந்த அடுக்கை நிமிர்த்திப் பிடிப்பது எது? தசைகளை நீக்கிவிட்டு, எலும்பும் இணைப்பு நார்களும் மட்டும் கொண்ட இடுப்புப் பகுதியை ஆய்வகத்தில் நிறுத்திப் பாரம் ஏற்றியபோது, சுமார் 9 கிலோவிலேயே அது மடங்கிவிட்டது. உயிருள்ள மனிதர் சும்மா நின்றாலே அதைவிடப் பல மடங்கு எடை அங்கே இறங்குகிறது. பாய்மரத்தை நாலா பக்கமும் கயிறுகள் இழுத்துப் பிடிப்பதுபோல, முதுகைத் தசைகள் பிடித்திருக்கின்றன. நேராக நின்று, இடுப்பில் முதுகெலும்பின் இரு பக்கமும் விரல்களை அழுத்தியபடி மெல்ல முன்னால் சாய்ந்து பாருங்கள். விரலுக்கடியில் இரண்டு வடக்கயிறுகள் விறைக்கும். அவற்றுக்கும் அடியில், எலும்பை ஒட்டி, முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று கட்டும் மல்டிஃபிடஸ் என்ற தசை இருக்கிறது. முதல்முறை இடுப்புவலி வந்தவர்களை ஆஸ்திரேலியாவின் ஜூலி ஹைட்ஸ் குழு ஆராய்ந்து 1996-இல் வெளியிட்ட முடிவு கவனிக்கத்தக்கது: வலி போன பிறகும், பயிற்சி செய்யாதவர்களுக்கு இந்தத் தசை பழைய பருமனுக்குத் தானாகத் திரும்பவில்லை.

வலிக்கும்போது படுப்பதுதானே இயல்பு என்று கேட்கலாம். ஓரிரு நாள் குறைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் ஹெல்சிங்கியில் நடந்து 1995-இல் வெளியான ஆய்வில், படுக்கையில் இருந்தவர்களைவிட, வலி அனுமதித்த அளவுக்கு அன்றாட வேலையைத் தொடர்ந்தவர்களே சீக்கிரம் தேறினார்கள். ஸ்கேனில் புடைப்பு தெரிகிறதே என்றால், முதுகுவலியே இல்லாத 98 பேரை அமெரிக்காவில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில் பாதிப் பேருக்கு அது இருந்தது. 1994-இல் வெளியான முடிவு இது. படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகாது. சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழந்தாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, கால் வலுவிழந்தாலோ மட்டும் பேச்சே வேறு. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொரு கேள்வி வலுவானது. நாள் முழுக்க மூட்டை சுமப்பவர்களின் முதுகுத் தசை இரும்பாக இருந்தும் அவர்களுக்கு ஏன் வலிக்கிறது? தசை களைப்படையும் என்பதே பதில். குனிந்து, திரும்பி, மறுபடி குனிந்து ஓய்வில்லாமல் தூக்கும்போது தசையின் பிடி தளர்ந்து, பாரம் நார்கள்மேலும் டிஸ்க்மேலும் போய் விழுகிறது. மூட்டையின் எடையைக் குறைப்பதும் நடுநடுவே இளைப்பாற விடுவதும்தான் அதற்கு மருந்து. அதைத் தொழிலாளி தானாகச் செய்துகொள்ள முடியாது. வேலை கொடுப்பவர்தான் செய்ய வேண்டும்.