மக்கள் மன்றத்தில் பட்டாளம் – 9: சல்யூட் ஒரு பக்கம், பென்ஷன் ஒரு பக்கம்

சென்ற வாரம் நாடாளுமன்ற உறுப்பினர் மகாவீர் தியாகியைப் பார்த்தோம். அக்சாய் சின் புல்லும் முளைக்காத இடம் என்று நேரு சொன்னபோது, தன் வழுக்கைத் தலையைக் காட்டி, "இதிலும்தான் ஒன்றும் முளைக்கவில்லை, வெட்டிக் கொடுத்துவிடலாமா?" என்று அவர் கேட்டதாகச் சொல்வார்கள். அறுபது ஆண்டு கடந்தும் அந்தப் பேச்சு ஊரெல்லாம் சுற்றுகிறது. எல்லை, மானம், ரத்தம் என்று பேசியவை நினைவில் நிற்கின்றன. படைவீரனின் பென்ஷனைப் பற்றி அதே அவைகளில் பேசியவர்கள் யார் என்று கேட்டால் பெரும்பாலோர் விழிப்போம். பென்ஷன் பேச்சின் அருமையை எனக்குப் புரியவைத்த ஊர் எரியோடு.

திண்டுக்கல் – கரூர் ரயில் பாதையில், வேடசந்தூர் தாலுகாவில் இருக்கும் பேரூராட்சி அது. மாவட்டம் திண்டுக்கல், ஓட்டுப் போடுவது கரூர் நாடாளுமன்றத் தொகுதிக்கு. வானம் பார்த்த பூமி. விவசாயம் கைவிட்டால் நூற்பாலைதான் கதி. அந்த மில்களின் கேட்டுகளில் முதுகு வளையாமல் நிற்கும் காவலாளியைப் பார்த்தால், பெரும்பாலும் அவர் பட்டாளத்தில் இருந்து வந்தவராக இருப்பார்.

அப்படி ஒருவரோடு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். 1994-ல் நாயக் ரேங்கில் வெளியே வந்தவர். அவர் தெருவில் பெயர் சொல்லி விசாரிக்க வேண்டியதில்லை, 'மிலிட்டரிக்காரர் வீடு' என்றால் போதும். பிளாஸ்டிக் கவரிலிருந்து டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்தார். மேஜை ஈரத்தைத் தோள் துண்டால் துடைத்துவிட்டுத்தான் அதை விரித்தார். சேர்ந்த தேதி, விலகிய தேதி, உயரம், அங்க அடையாளம். நடத்தை என்ற கட்டத்தில் 'எக்ஸம்ப்ளரி' என்று எழுதியிருந்தது. அந்த இடத்தில் மட்டும் விரலை வைத்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்:

"தம்பி, எனக்கு அப்புறம் பதிமூணு வருசம் கழிச்சு எங்க யூனிட்ல இருந்து ஒருத்தன் நாயக்கா வெளிய வந்தான். அதே ரேங்கு, அதே பதினேழு வருசம் சர்வீசு. பென்ஷன்ல மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எனக்கு மட்டும் அங்க பனி குறைச்சலாவா பேஞ்சுச்சு?"

இந்தக் கேள்விக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்துத்தான் பென்ஷன். பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் ஊதியக் குழு சம்பளத்தை உயர்த்தும்போது, அதற்குப் பிறகு ஓய்வு பெறுகிறவருக்குப் பென்ஷனும் சேர்ந்து உயரும். முன்னமே போனவர் பின்தங்கிவிடுவார். பழைய பென்ஷன் திட்டத்தில் இருக்கும் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவுக்கும் இதே விதிதான். ஆனால் அவர் கிட்டத்தட்ட அறுபது வயதுவரை நாற்காலியில் இருந்து, மூன்று ஊதியக் குழுவின் பலனையாவது சம்பளத்தில் வாங்கிவிடுகிறார். சிப்பாயைப் படை முப்பத்தைந்திலிருந்து நாற்பது வயதுக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. கால் இளமையாக இருக்க வேண்டிய வேலை, அதில் தவறில்லை. ஆனால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வயதில் சம்பளம் நிற்கிறது. மிச்ச நாற்பது ஆண்டில் வரும் ஊதியக் குழுக்களை எல்லாம் அவர் வெளியே நின்றுதான் பார்க்கிறார்.

இந்தக் கணக்கை மாநிலங்களவைக்குள் கொண்டுபோனவர்களில் ராஜீவ் சந்திரசேகரைச் சொல்ல வேண்டும். விமானப்படை அதிகாரியின் மகன், கர்நாடகத்திலிருந்து சுயேச்சையாகத் தேர்வானவர். ஒரே பதவிக்கு ஒரே பென்ஷன் கேட்டு அவர் ஆதரவோடு போன மனுவை, பகத்சிங் கோஷியாரி தலைமையிலான மனுக்கள் குழு விசாரித்தது. அதற்கு முன்பே, 2009-ல், இதே கோரிக்கைக்காக முன்னாள் படைவீரர்கள் பதக்கங்களைக் குடியரசுத் தலைவரிடம் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். பதக்கத்தைத் துடைத்து வைத்துப் பழகிய கைகள் அவை.

2011 டிசம்பர் 19-ல் குழு அறிக்கை வைத்தது. தலைவர் பா.ஜ.க., ஆட்சி காங்கிரஸ், குழுவில் பல கட்சியினர். நிர்வாகச் சிக்கல், சட்டச் சிக்கல், பணச் சிக்கல் என்று அரசுத் துறைகள் அடுக்கிய காரணங்களைக் குழு ஏற்கவில்லை. ஒரே பதவி, ஒரே சேவைக்காலம் என்றால் எந்த ஆண்டில் ஓய்வு பெற்றாலும் ஒரே பென்ஷன் கொடு, பின்னால் உயர்வு வந்தால் பழையவர்களுக்கும் அது தானாகப் போய்ச் சேரட்டும் என்று பரிந்துரைத்தது. குழுவுக்குக் கிடைத்த மதிப்பீட்டின்படி ஆண்டுச் செலவு 1,300 கோடி ரூபாய். அதில் 1,065 கோடி அதிகாரி அல்லாதவர்களுக்கு. இந்தக் கோரிக்கை பெரிய அதிகாரிகளின் சொகுசு என்று இன்றும் சிலர் நினைக்கிறார்கள். ஐந்தில் நான்கு பங்கு எரியோட்டு நாயக் மாதிரி ஆட்களுக்குத்தான் என்பதை அவர்கள் பார்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால், படைவீரர்களுக்காக நம் நாடாளுமன்றம் செய்த வேலைகளில் முதல் வரிசையில் வைக்க வேண்டியது அந்த அறிக்கை. அதில் வீர வசனம் கிடையாது. மனுவை வாங்கி, துறைகளைக் கூப்பிட்டுக் கேட்டு, கூட்டிக் கழித்துப் பார்த்த உழைப்பு இருக்கிறது.

அதன்பின் நடந்ததில் எல்லாக் கட்சிக்கும் பங்குண்டு. 2013 செப்டம்பரில் ரேவாரியில் முன்னாள் படைவீரர்கள் கூட்டத்தில் நரேந்திர மோடி இதைக் கையிலெடுத்தார். 2014 பிப்ரவரி 17-ல், அப்போது சிவகங்கை எம்.பி.யாகவும் நிதியமைச்சராகவும் இருந்த ப.சிதம்பரம், இடைக்கால பட்ஜெட் உரையில் கொள்கையை ஏற்பதாக அறிவித்து 500 கோடி ஒதுக்கினார். தேர்தலுக்குச் சில வாரம் இருக்கும்போது, அதுவும் கணக்குக்கு எட்டாத தொகை. அடுத்து வந்த அரசும் ஓராண்டுக்கு மேல் இழுத்தது. 2015 ஜூனில் டெல்லி ஜந்தர் மந்தரில் பட்டாளத்துக் கிழவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். சுதந்திர தினத்துக்கு முதல் நாள், பதக்கம் அணிந்திருந்த அவர்களைப் போலீஸ் அங்கிருந்து தள்ள முயன்ற காட்சியை மறப்பது எனக்குக் கடினம்.

2015 நவம்பர் 7-ல் அரசாணை வந்தது. 2014 ஜூலை 1 முதல் நடைமுறை, 2013-ல் ஓய்வு பெற்றவர்களின் பென்ஷனை வைத்து நிர்ணயம், ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறு நிர்ணயம். கோஷியாரி குழு கேட்டபடி உயர்வு தானாகச் சேரவில்லை. நடுவில் ஐந்தாண்டு இடைவெளி மறுபடி முளைக்கும். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. இது கொள்கை முடிவு, அரசியல் சாசனக் குறை இல்லை என்று 2022 மார்ச் 16-ல் தீர்ப்பு வந்தது. கூடவே 2019 ஜூலையில் செய்திருக்க வேண்டிய மறு நிர்ணயத்தைச் செய்து நிலுவையைக் கொடுக்கவும் உத்தரவு. டிசம்பரில் அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது பயனாளிகள் 25.13 லட்சம் பேர். அரியர் உடனே வந்துவிடவில்லை. 2023 மார்ச்சில் நீதிமன்றம் மறுபடி தேதி குறித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. குடும்ப பென்ஷன்காரர்களுக்கும் வீர விருது பெற்றவர்களுக்கும் ஏப்ரல், எழுபது தாண்டியவர்களுக்கு ஜூன், மற்றவர்களுக்கு மூன்று தவணை. நம் நாயக் மூன்று தவணைக்காரர். வந்த பணத்தில் வீட்டுக்கு ஓடு மாற்றியதாகச் சொன்னார். "கேட்டு வேலையை விட்டுட்டீங்களாண்ணே?" என்றேன். "இல்ல தம்பி, பேத்தி நர்சிங் படிக்குதுல்ல" என்றார்.

2019 பிப்ரவரி 25-ல் டெல்லியில் தேசியப் போர் நினைவுச் சின்னம் திறந்தார்கள். 25,942 பெயர்களைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். அது வேண்டும், நெடுநாள் கடன். செத்தவர் பெயரைக் கல்லில் வெட்டுகிற நாடு, உயிரோடு திரும்பியவரை நீதிமன்ற வாசலில் நிற்க வைக்கக் கூடாது என்பதுதான் என் மனக்குறை.

எரியோட்டில் விடியற்காலையில் பையன்கள் பட்டாளத் தேர்வுக்காக ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் முழு மதிப்பெண் என்று கைப்பேசியில் நேரம் பார்த்து ஓடுகிறார்கள். 2022 ஜூன் 14-ல் அறிவித்த அக்னிபத் திட்டப்படி அவர்களுக்கு வேலை நான்கு ஆண்டு. நூற்றுக்கு இருபத்தைந்து பேர்வரைதான் நிரந்தரம். மற்றவர்கள் ஏறக்குறைய 11.71 லட்சம் சேவை நிதியோடு வீடு திரும்புவார்கள். பென்ஷன் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. பென்ஷன் செலவு ஏறிக்கொண்டே போவதை அரசு எப்படிச் சமாளிக்கும் என்பது நியாயமான கேள்வி, அதை நான் தள்ளவில்லை. ஆனால் இவ்வளவு பெரிய மாற்றம், அறிவிக்கும் முன் கோஷியாரி குழு போன்ற ஒரு நாடாளுமன்றக் குழுவின் மேஜைக்கு வரவில்லை.

முதல் அணி 2022-ன் கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குப் போனது. அவர்களுக்கு நான்கு ஆண்டு நிறைவது 2026-ன் கடைசியை ஒட்டி. திரும்பி வருகிறவர்களில் எத்தனை பேருக்கு எந்தத் துறையில் வேலை, காயத்தோடு வந்தால் வைத்தியச் செலவு யார் பொறுப்பு என்று அவையில் கேட்டு எழுத்தில் பதில் வாங்க வேண்டியவர்கள் கரூர், திண்டுக்கல் தொகுதி உறுப்பினர்கள். வரும் கூட்டத்தொடரிலேயே கேட்கட்டும்.