சனிக்கிழமைச் சம்பளமும் மின்னணுப் பணமும்



சனிக்கிழமை மாலை என்பது நம் குன்னத்தூர் வட்டாரத்து இல்லங்களுக்கு வாரக் கணக்கு முடியும் வேளை. மளிகைக் கடைப் பாக்கியும், பால்காரர் கணக்கும், பிள்ளைகளின் பள்ளிச் செலவும் அன்று வரும் பனியன் கம்பெனிச் சம்பளத்தையே எதிர்நோக்கி நிற்கின்றன. அது ஒரு நாள் தாழ்ந்தாலும் ஞாயிறன்று அடுப்படியில் தெரிந்துவிடும். இப்பணம் எங்கிருந்து புறப்பட்டு எவ்வழியாக நம் கைக்கு வந்து சேருகிறது என்பதை நம்மில் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்வழி கடந்த இருபது ஆண்டுகளில் அடியோடு மாறிவிட்டது. அதை அறிந்துகொள்வது கூலி பெறுவோருக்கும் நன்று. கூலி கொடுப்போருக்கும் நன்று.

அன்றைய வழி

முன்னாளில் சனிக்கிழமை காலையில் காசாளர் வங்கிக்குச் சென்று, நோட்டுக் கட்டுகளைப் பையில் வாங்கி வந்து, பெயர் எழுதிய கவர்களில் எண்ணி இடுவார். வழியில் களவு போகுமோ என்னும் அச்சமும் சில்லறைத் தட்டுப்பாடும் அவரை விட்டு அகலா. 1936-ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டமும் கூலியை நாணயமாகவோ நோட்டாகவோ கொடுக்க வேண்டும் என்றே விதித்தது. வங்கிக் கணக்கில் செலுத்தப் பின்னர் இடமளிக்கப்பட்டபோதும், தொழிலாளியின் எழுத்து மூலமான சம்மதம் தேவைப்பட்டது. அந்நிபந்தனையை 2017-இல் வந்த திருத்தம் நீக்கியது.

கம்பெனிகள் தமக்குள் காசோலை வழியே கணக்குத் தீர்த்தன. வெளியூர்க் காசோலையானால் அது தபாலில் அவ்வூர் வங்கிக்குச் சென்று பணமாகித் திரும்ப வாரக்கணக்காகும். 1980-களில், காசோலையின் அடியில் காந்த மையால் அச்சிட்ட எண்களை இயந்திரமே படித்துப் பிரிக்கும் முறையை ரிசர்வ் வங்கி பெருநகரங்களில் கொண்டுவந்தது. 2008-இல் புதுடில்லியிலும் 2011-இல் சென்னையிலும் காசோலைத் தாளை அனுப்பாமல் அதன் படத்தை மட்டும் அனுப்பும் முறை தொடங்கியது. 2025 அக்டோபர் 4 முதல், பகலில் வங்கியில் செலுத்திய காசோலை அன்று மாலைக்குள்ளேயே தீர்க்கப்படும் ஒழுங்கு நடைமுறைக்கு வந்தது.

மின்னணு வழி

காசோலையே வேண்டாத வழிகள் இதற்கு முன்னரே திறந்துவிட்டன. 2004 மார்ச்சில் ஆர்.டி.ஜி.எஸ். முறையும், 2005 நவம்பரில் நெஃப்ட் முறையும் தொடங்கின. இவற்றின் வேற்றுமையை ஓர் உவமையால் விளக்கலாம். நெஃப்ட் என்பது அரை மணிக்கொரு முறை புறப்படும் பேருந்து; அந்நேரத்திற்குள் சேர்ந்த தொகைகளை எல்லாம் ஏற்றிக்கொண்டு, வங்கிகள் ஒன்றுக்கொன்று தர வேண்டியதைக் கழித்து மிச்சத்தை மட்டும் தீர்க்கிறது. ஆர்.டி.ஜி.எஸ். என்பதோ வாடகைக் கார்; இரண்டு லட்சம் ரூபாய்க்குக் குறையாத ஒவ்வொரு தொகையையும் தனித்தனியே, உடனுக்குடன் கொண்டு சேர்க்கிறது. 2010 நவம்பரில் ஐ.எம்.பி.எஸ்., 2016 ஏப்ரலில் யு.பி.ஐ. ஆகியன வந்தன. 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்டும், 2020 டிசம்பர் 14 முதல் ஆர்.டி.ஜி.எஸ்ஸும் ஞாயிறு, திருநாள் என்ற வேறுபாடின்றி இரவு பகலாக இயங்குகின்றன.

திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றின் கணக்கறையை எண்ணிப் பாருங்கள். வெளிநாட்டு வணிகர் பணம் செலுத்தியதும், 1973-இல் பெல்ஜியத்தில் நிறுவப்பட்ட ஸ்விஃப்ட் என்னும் அமைப்பின் வழியாக இங்குள்ள வங்கிக்குச் செய்தி வருகிறது. பணம் வந்தவுடன் ஏற்றுமதிக்காக வாங்கிய கடன் நேர் செய்யப்படுகிறது; நூல் மில்லுக்கும் சாயப்பட்டறைக்கும் உரியது பிரிக்கப்படுகிறது. முந்நூறு தொழிலாளரின் பெயரும் கணக்கு எண்ணும் தொகையும் ஒரே கோப்பில் அடங்குகின்றன. கோப்பை ஒருவர் தயாரிப்பார்; வேறொருவர் சரிபார்த்து ஒப்புதல் தருவார்; அதன் பின்னரே வங்கி பணத்தை அனுப்பும். தவறும் கையாடலும் இதனால் குறைகின்றன. எல்லா வங்கிகளிலும் உள்ள இருப்பை முதலாளி ஒரே வேளையில் காண முடிவதால், ஓரிடத்தில் பணம் சும்மா கிடக்க, மற்றோரிடத்தில் வட்டிக்குக் கடன் வாங்கும் நிலையும் ஒழிகிறது.

தாமதம் எங்கே?

அப்படியானால் ‘பேமெண்ட் அடுத்த வாரம்’ என்னும் சொல் ஏன் இன்னும் மறையவில்லை? நாலைந்து தையல் இயந்திரங்களை வைத்து ஜாப் ஒர்க் செய்யும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். துணி வந்தது, தைத்துக் கொடுத்தாயிற்று, பில்லும் போயிற்று. இரண்டு மாதமாகியும் பணம் வரவில்லை. பணம் பயணம் செய்யச் சில நொடிகளே போதும். அனுப்புவதற்கு மனம் வரத்தான் அறுபது நாளும் தொண்ணூறு நாளும் ஆகின்றன. காசோலை தபாலில் இருக்கிறது என்று சொல்ல இனி இடமில்லை. எஞ்சியிருப்பது வழியின் தாமதமன்று, மனத்தின் தாமதம்.

இதற்குச் சட்டம் துணை நிற்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு தொழிலுக்குரிய தொகையை ஒப்பந்தம் இருப்பின் 45 நாட்களுக்கு மேற்படாமலும், இல்லையேல் 15 நாட்களுக்குள்ளும் கொடுத்துவிட வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல் மும்மடங்கு கூட்டு வட்டி உண்டு. அவ்வாறு காலத்தில் கொடாத தொகையை, கொடுத்து முடிக்கும் வரை வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க இயலாது என்னும் விதியும் 2024 ஏப்ரல் முதல் உள்ளது. உத்யம் பதிவு இலவசமே. ஆகவே தையல் யூனிட் நடத்தும் ஒவ்வொரு குடும்பமும் அதைச் செய்துகொள்வது அவசியம்.

ட்ரெட்ஸ் என்னும் மின்னணுச் சந்தையும் உண்டு. சிறு தொழிலின் பில்லை, வாங்கிய கம்பெனி அங்கே ஏற்றுக்கொண்டால், வங்கிகள் அதன்மேல் போட்டியிட்டுக் கேட்கும். குறைந்த வட்டி கேட்ட வங்கி உடனே பணம் தந்துவிட்டு, தவணை நாளில் கம்பெனியிடம் பெற்றுக்கொள்ளும். 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் இதில் சேர வேண்டும் என்று மத்திய அரசு 2024 நவம்பரில் ஆணையிட்டது.

இல்லத்தார் கவனத்திற்கு

மனைவி அல்லது மகளின் சம்பளம் அவரவர் பெயரிலுள்ள கணக்கிலேயே சேரட்டும். அட்டையும் இரகசிய எண்ணும் அவர்களிடமே இருக்கட்டும். ஒப்பந்தக்காரரிடம் அட்டையை ஒப்படைத்து வைக்கும் வழக்கம் கூடவே கூடாது. கணக்கில் பணம் ஏறினாலும் சம்பளச் சீட்டைக் கேட்டுப் பெற்று, பிடித்தம் சரிதானா என்று பாருங்கள். பிறருக்கு அனுப்பும்போது கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் தவறினாலும் பணம் அயலார் கணக்கில் சேர்ந்துவிடும். 2025 ஏப்ரல் முதல் நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். வழிகளில் அனுப்புமுன் பெறுபவர் பெயரைச் சரிபார்க்கும் வசதி தரப்பட்டுள்ளது. பணத்தைப் பெறுவதற்கு இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை, கேட்பவன் வஞ்சகனே. ஏமாந்துவிட்டால் தாமதமின்றி 1930 என்னும் எண்ணை அழையுங்கள்.

இறுதியாக ஒரு சொல். கூலியைப் பிடித்து வைப்பது பெருங்குற்றம் என்று 1891-இல் பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் தம் சுற்றுமடலில் எழுதினார். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும், வாரச் சம்பளத்தை வாரத்தின் கடைசி வேலை நாளில் கொடுத்துவிட வேண்டும் என்கிறது. ‘கம்பெனி எனக்குத் தரவில்லை, நான் எப்படித் தருவேன்?’ என்று கேட்கும் சிறு முதலாளியின் இக்கட்டு மெய்யே. அவர் தமக்குரியதைச் சட்டப்படி கேட்டுப் பெறட்டும். ஆயினும் அவர் இயந்திரத்தில் அமர்ந்து தைத்தவருக்கு ஞாயிறு காத்திருக்காது. அவருக்குரியது சனிக்கிழமை மாலையிலேயே போய்ச் சேரட்டும்.