திரையில் சிம்லா, மண்ணில் பினாங்கு

2015இல் பிரிட்டனின் சேனல் 4 ஒளிபரப்பிய ‘இந்தியன் சம்மர்ஸ்’ தொடரின் கதை 1932ஆம் ஆண்டுச் சிம்லாவில் நடக்கிறது, படமாக்கப்பட்டதோ பினாங்கில். வைஸ்ராயின் தனிச்செயலர் ரால்ஃப் வீலன், இந்தியப் பெண் ஜெயாவிடம் தனக்குப் பிறந்த மகனை மறைக்கிறார். ஜெயா கொலையாக, செய்யாத குற்றத்துக்காக இந்தியரான ராமு சூத் தூக்கிலிடப்படுகிறார். ஆள்பவரின் பாவத்துக்கு ஆளப்படுபவரே விலை கொடுக்கிறார் என்பதுதான் தொடரின் சாரம்.

‘வெளியூர்க் கதைக்கு நம் ஊர் வெறும் பின்னணிதானே’ என்று சிலர் கேட்கலாம். அப்படித் தள்ளிவிட முடியாது. சயாமிடமிருந்து பாதுகாப்புக் கிடைக்கும் என்று நம்பித்தான் கெடா சுல்தான் 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் லைட்டைப் பினாங்கில் குடியேற அனுமதித்தார். கம்பெனி அந்தப் பாதுகாப்பைத் தரவில்லை. 1791இல் தீவை மீட்கப் படை திரட்டிய சுல்தானைத் தோற்கடித்தது. திரையில் கற்பனையாக வரும் துரோகம் இம்மண்ணில் வரலாறாகவே நடந்தது. ஆகவே பினாங்கு மக்கள் இத்தொடரைத் தங்கள் கதையாகவும் பார்க்க வேண்டும்.